முத்தாயி சந்தின் பெயர்க்காரணம்

முத்தாயி இறந்துபோனது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். அந்த நேரத்தில் அவள் சந்து முனையில் உட்கார்ந்து, மறுநாள் ஆப்பத்துக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். தான் இறந்த விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு அரிசி ஊறப்போட்டிருக்க மாட்டாள்.

அவளைக் கொன்றவர் சவரிராஜ். அதே சந்தில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவர். தேக்கா பாசார்ச் சந்தையில் கோழி அறுக்கிற பக்கம் போகவேண்டி வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பவர். அவர் கத்தியைத் தொடவில்லை, விஷம் வைக்கவில்லை. ஒரு நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த கனவான்கள் முன்னால் தலையை ஒரு தடவை ஆட்டினார். காரியம் முடிந்துவிட்டது.

இப்பேர்ப்பட்ட சாது அந்த மேசைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் குடியுரிமைப் பதிவு மும்முரமாக நடந்த காலம் அது. ஜனங்கள் வரிசையில் நின்று தங்கள் பெயரைச் சர்க்காருக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். மனிதர்களுக்கே பெயர் ஒழுங்காகும்போது தெருக்கள் மட்டும் சும்மா கிடக்கலாமா என்று மேலே யாருக்கோ தோன்றியது. உடனே ‘சிராங்கூன் வட்டாரத் தெருப் பெயர்க்காரண ஆலோசனைக் குழு’ என்று ஒன்று பிறந்தது. அந்தப் பெயரை எழுதிய பலகையை மாட்டுவதற்கு அலுவலகத்தின் ஒரு ஜன்னலை அடைக்கவேண்டி வந்தது.

குழுவின் தலைவர் திரு. ஆம்ப்ரோஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளியை விட்டு அவர் வந்துவிட்டாரே தவிர, எதிரே இருப்பவர்கள் எல்லாரும் மாணவர்கள் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை. செயலாளர் சேதுபதி, டையும் ஃபைலுமாகத் திரியும் இளைஞர். உறுப்பினர்களில் மளிகை மொத்த வியாபாரி நூருல் அமீன் பாயைச் சொல்லவேண்டும். கூட்டத்தில் தேநீர் எப்போது வரும் என்ற ஒரே கேள்வியைத் தவிர வேறெதிலும் அவர் குழுவுக்குச் சிரமம் கொடுத்ததில்லை.

விதிப்படி குழுவில் ‘சாதாரணக் குடியிருப்பாளர்’ ஒருவர் இருக்கவேண்டும். சாதாரணமானவர் யாரையும் குழுவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இந்த நிலையில், தலைவரின் படத்துக்குப் போட்ட சட்டத்தை வாங்க வந்த சேதுபதி, பசைக் கிண்ணமும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்த சவரிராஜை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க ரொம்பச் சாதாரணமா இருக்கீங்களே!” என்றார் மகிழ்ச்சி பொங்க. “உங்க சர்நேம் என்ன?”

“சவரிராஜ் சார்.”

“அது நேம். சர்நேம் கேக்கிறேன்.”

“அவ்வளவுதான் சார் பேரு. அப்பா பேரு வேணும்னா, ஞானாதிக்கம்.”

“அப்ப அதான் சர்நேம்.”

“அது அப்பாவோட பேரு சார். அவரு காரைக்கால்ல செத்துப் பல வருஷமாச்சு.”

“பரவால்ல லா,” என்றார் சேதுபதி, உள்ளூர் வழக்கப்படி பேச்சுக்கு ஒரு ‘லா’ வால் வைத்து. “சர்நேம் உயிரோட இருக்கணும்னு ரூல் இல்ல.”

அன்று முதல் குழுவில் சவரிராஜ் என்று ஒருவர் இல்லை. கூட்டத்துக்கு அழைப்பு ஞானாதிக்கத்துக்கு வந்தது. நாற்காலியில் ஞானாதிக்கம் என்று அட்டை வைத்திருந்தார்கள். ‘திரு. ஞானாதிக்கம் என்ன நினைக்கிறார்?’ என்று தலைவர் கேட்கும்போதெல்லாம், அப்பா எங்கே என்று சவரிராஜ் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்.

குழு வேலை செய்யும் விதம் அவருக்குப் பிடிபடவே இல்லை. டோபி காட் என்ற பெயர் எப்படி வந்தது என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள்.

“வண்ணார்கள் துணி துவைத்த துறை, ஆகவே டோபி காட் என்கிறார்கள்,” என்றார் ஆம்ப்ரோஸ், மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபடி. “கனவான்களே, இது ஒரு காரணமா? இது கேட்டவுடன் புரிகிறது. கேட்டவுடன் புரிவதைச் சொல்வதற்கு ஒரு குழு எதற்கு? அதற்கு ஒரு தலைவர் எதற்கு?”

டோபி காட் ‘மேலும் ஆராய்ச்சிக்குரியது’ என்று முடிவாயிற்று. அடுத்தது பஃபலோ ரோடு.

“அங்கே எருமைகள் இருந்தன என்பதற்கு ஆதாரம் உண்டா, சேதுபதி?”

“ஜனங்க பாத்திருக்காங்க சார்.”

“ஜனங்கள் பார்த்தது ஆதாரமாகாது. எருமைகள் தரப்பிலிருந்து எழுத்துமூலம் ஏதாவது இருக்கிறதா?”

இல்லை. பஃபலோ ரோடும் ஆராய்ச்சிக்குப் போயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை சவரிராஜின் சந்து மேசைக்கு வந்தது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிந்து, கடைகளின் முதுகுப்புறமாக ஓடி, ஒரு மாட்டுக் கொட்டகைச் சுவரில் முட்டி நிற்கும் சந்து அது. வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை. அதனால் தபால்காரர் கடிதங்களைப் பெரும்பாலும் மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போவார்.

“பெம்பர்ட்டன் லேன்,” என்று வாசித்தார் சேதுபதி. “கேப்டன் பெம்பர்ட்டனோட கப்பல், காத்து இல்லாம நம்ம துறைமுகத்துல சில நாள் நின்னுருக்கு. அவர் கரைக்கு இறங்கல. ஆனா டெலஸ்கோப்பால இந்தத் திசையைப் பார்த்ததா நம்ப இடம் இருக்கு.”

“மிகப் பொருத்தம்,” என்றார் ஆம்ப்ரோஸ்.

சவரிராஜ் அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறந்ததில்லை. அன்று எப்படியோ வார்த்தை வந்துவிட்டது.

“சார், அந்தச் சந்துக்கு ஏற்கெனவே பேர் இருக்கு சார். முத்தாயி சந்து. எந்த ட்ரைஷாக்காரரைக் கேட்டாலும் கொண்டுவந்து விடுவாரு.”

மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் திரும்பின. அவ்வளவு பெரிய மனிதர்கள் அவரை அவ்வளவு நேரம் பார்த்தது அதுவே முதல் தடவை. உள்ளுக்குள் என்னவோ இனித்தது. நடந்த எல்லாவற்றுக்கும் அந்த இனிப்புதான் காரணம் என்று பிற்பாடு அவர் நினைத்து நினைத்து வெட்கப்பட்டார்.

“முத்தாயி என்பவர் யார்?”

“ஆப்பம் சுடுறவங்க சார். பெரிய வெள்ளம் வந்தப்போ தண்ணி இடுப்பளவு. மாடியில மாட்டிக்கிட்டவங்களுக்குச் சாப்பாடு இல்ல. முத்தாயி அக்கா மேசை மேல மேசை போட்டு, அதுமேல அடுப்பை வச்சு ஆப்பம் சுட்டு, கயித்துல வாளியைக் கட்டி ஒவ்வொரு மாடிக்கும் ஏத்தினாங்க. அதுக்கு முன்னாடி சந்துக்குப் பேரே இல்ல.”

“உன்னதம்!” என்றார் ஆம்ப்ரோஸ். “அந்த அம்மையார் காலமாகிவிட்டார் அல்லவா?”

சவரிராஜ் விழித்தார்.

“ஏனென்றால், உயிரோடு இருப்பவர் பெயரைத் தெருவுக்கு வைக்க விதியில்லை. உயிரோடு இருப்பவர் நாளைக்கு என்ன செய்வாரென்று யார் கண்டது? குடிப்பார், கடன் வாங்குவார், குழுவைப் பற்றிக் குறைகூடச் சொல்வார். இறந்தவர்கள் நம்பகமானவர்கள். என் அனுபவத்தில் எந்த இறந்தவரும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. உயிரோடு இருந்தால் சொல்லிவிடுங்கள், பெம்பர்ட்டனுக்கே கொடுத்துவிடலாம். அவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இறந்துவிட்டார்.”

பெம்பர்ட்டன் லேனில் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று சவரிராஜ் எண்ணிப் பார்த்தார். அடுப்பைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்துவந்த முத்தாயி கண்முன்னால் வந்தாள். அவள் இல்லாவிட்டால் அன்றைக்கு அவரும் அவர் மனைவி உர்சுலாவும் பட்டினி. அந்த நன்றியும், எல்லாரும் தன்னையே பார்க்கிற அந்த இனிப்பும் சேர்ந்துகொண்டன. தலை ஆடிவிட்டது.

“வெள்ளத்திலேயேவா?”

“வெள்ளத்துல... அதோட...” என்று இழுத்தார்.

“அதோடு உயிர் நீத்தார்,” என்று முடித்துக்கொடுத்தார் ஆம்ப்ரோஸ். “எழுதிக்கொள்ளும், சேதுபதி. சாட்சி, திரு. ஞானாதிக்கம்.”

முந்தாநாள் காலைகூட முத்தாயி கடையில் ஆப்பம் தின்றிருந்த நூருல் அமீன் பாய், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை வழக்கம்போல ஆப்பம் வாங்கப் போனார் சவரிராஜ். முத்தாயி சட்டியைச் சுழற்றி மாவைப் பரப்பி, தணல் போட்ட மூடியைக் கவிழ்த்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன சவரி, முகம் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒண்ணுமில்லக்கா. தூக்கம் இல்ல.”

“இந்தா, தேங்காய்ப்பால் இன்னும் கொஞ்சம் ஊத்திக்க. உர்சுலாவுக்குத் தனியாக் கட்டி வச்சிருக்கேன்.”

தான் கொன்ற பெண்ணின் கையால் கூடுதல் தேங்காய்ப்பால் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆப்பம் பஞ்சு போலிருந்தது. இவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அதே வாரத்தில் முத்தாயி, சேலைத்தலைப்பில் சுற்றிய ஒரு படத்தோடு கடைக்கு வந்தாள். குடியுரிமைக்காக ஸ்டுடியோவில் எடுத்ததைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

“நல்லாச் சட்டம் போடு சவரி. கடைக்கு மேல மாட்டணும். நான் போனப்புறம் மாலை போட எனக்கு யாரு இருக்கா? புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. அதான் இருக்கறப்பவே மாட்டி நானே பாத்துக்கலாம்னு.”

கடையிலிருந்ததிலேயே நல்ல சட்டத்தை எடுத்தார் சவரிராஜ். தேக்கு, ஓரத்தில் தங்கக் கோடு. கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். அதற்குள்ளிருந்து முத்தாயி அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்த்தாள்.

பசை காய்வதற்குள் சேதுபதி வந்து நின்றார். “மறைந்த அம்மையாரோட படம் ஒண்ணு வேணும், திரை திறப்புக்கு. அடடா! ரெடியாவே வச்சிருக்கீங்களே! இப்படி ஒரு ஃப்ரேம் போட்டா சாகவே ஆசையா இருக்கும் லா!”

“சார், அது வந்து...”

“தேங்க்ஸ், மிஸ்டர் ஞானாதிக்கம். ஒரு நல்ல சேதி. அவங்க இறந்ததை எல்லா டிபார்ட்மெண்டுக்கும் எழுதிட்டோம். மத்த கமிட்டி மாதிரி இல்ல, நாங்க வேகம்.”

படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போயே போய்விட்டார். சாயங்காலம் முத்தாயி வந்து கேட்டபோது, “கண்ணாடி உடைஞ்சிருச்சுக்கா” என்றார் சவரிராஜ்.

“என் மூஞ்சிக்கு உன் கண்ணாடி தாங்கலையா?” என்று சிரித்துக்கொண்டே போனாள் அவள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவள் சிரித்த கடைசி நாள் அது. அடுத்த மாதம் கடை லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனவள், உச்சி வெயிலில் தலைவிரிகோலமாகத் திரும்பி வந்தாள். கடைகளுக்கு முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதையில் நின்று அவள் போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது.

“கவுண்டர்ல இருக்கிறவன் சொல்றான், ‘அம்மா, நீங்க இறந்துட்டீங்க, ஒதுங்கி நில்லுங்க’ன்னு! அட பாவி, நான் மூச்சு வாங்கிக்கிட்டு உன் எதிர்ல நிக்கிறேனேன்னா, ‘அது எங்க செக்‌ஷன் இல்ல’ங்கிறான்! செத்தவங்களுக்கு லைசென்ஸ் கிடையாதாம். லைசென்ஸ் முடிஞ்ச மறுநாளே லாரி வந்து அடுப்பு, சட்டி எல்லாம் அள்ளிட்டுப் போயிடுவானுங்க. அந்தச் சட்டி போனா நான் நெசமாவே செத்தேன்!”

“யாரு அக்கா இப்படிச் சொன்னது?” என்று யாரோ கேட்டார்கள்.

“சாட்சி சொல்லியிருக்கானாம் ஒருத்தன். ஞானாதிக்கமாம். சவரி, யாருப்பா அவன்? இந்தச் சந்துல அப்படி ஒருத்தனும் கிடையாதே?”

“தெரியலையேக்கா,” என்றார் சவரிராஜ்.

எங்கேயோ ஒரு சேவல் கூவிற்று. பாசாரில் கோழிக் கூண்டுகள் அந்தப் பக்கம்தான், சேவல் கூவுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்ட, ஆண்டவரைத் தெரியாதென்று சீடர் சொன்னதும் கூவிய வேறொரு சேவலின் நினைவு வந்து, சவரிராஜுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. பெற்ற தகப்பனையே தெரியாது என்று சொல்லியாயிற்று.

“எந்தத் தலை ஆடிச்சோ, அந்தத் தலை என் கையில கிடைக்கட்டும்,” என்றாள் முத்தாயி. கையில் கரண்டி இருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தே உர்சுலா எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். “நல்லா இருக்கே! வெள்ளத்துல நமக்குச் சோறு போட்டவளை வெள்ளத்துலயே முடிச்சிட்டு வந்திருக்கீங்க. முதல்ல போய்ச் சாமிகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க. அப்புறம் வீட்டுல சோறு.”

லூர்து மாதா கோயிலில், கிராதிக்கு இந்தப்பக்கம் முழங்காலிட்டார் சவரிராஜ்.

“சாமி, நான் ஒரு பொம்பளையைக் கொன்னுட்டேன்.”

கிராதிக்கு அந்தப்பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. “என்ன சொல்கிறாய் மகனே! எப்படி?”

“தலையை ஆட்டி, சாமி.”

“உடல் எங்கே?”

“சந்து முனையில ஆப்பம் சுட்டுக்கிட்டு இருக்கு.”

சாமியார் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். முழுக் கதையையும் கேட்டபிறகு மெல்லக் கேட்டார். “மகனே, ஆண்டவர் செத்தவரை எழுப்பினார். நீ உயிரோடிருப்பவளைத்தான் எழுப்பவேண்டும். அது அவ்வளவு கஷ்டமா?”

“உங்களுக்கு அந்தக் கமிட்டியைத் தெரியாது, சாமி.”

“அபராதமாக ஜெபமெல்லாம் வேண்டாம். போய் உண்மையைச் சொல்.”

மறுநாளே ஆம்ப்ரோஸின் அறையில் போய் நின்றார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். முத்தாயி உயிரோடு இருக்கிறாள். தப்பு தன்னுடையது. அவளுக்கு லைசென்ஸ் கிடைக்கவேண்டும்.

ஆம்ப்ரோஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, பள்ளியில் நடந்ததைப்போல முன்னும் பின்னும் நடந்தார்.

“திரு. ஞானாதிக்கம், அம்மையாரின் மறைவை இந்தக் குழு ஏகமனதாக நிறைவேற்றியிருக்கிறது. மேலிடத்தில் அங்கீகரித்துவிட்டார்கள். பலகைக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. இப்போது வந்து அவர் உயிரோடு இருக்கிறார் என்கிறீர்கள்.”

“ஆமா சார், இருக்காங்க.”

“இருக்கட்டும். அது அவருடைய சொந்த விஷயம். குழு அதில் தலையிடாது. ஆனால் குழுவின் முடிவில் அவர் தலையிடுவது முறையா?”

“அவங்களுக்குச் சோறு போயிடும் சார்.”

“நினைத்துப் பாருங்கள். இறந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நான் இறக்கவில்லை, நான் இறக்கவில்லை என்று ஆரம்பித்தால் இந்த நகரில் ஒரு தெருவுக்காவது பெயர் நிலைக்குமா? வெள்ளிக்கிழமை திரை திறப்பு. நீங்கள்தான் வரவேற்புரை.”

வெள்ளிக்கிழமை காலை சந்து முனையில் மேடை போட்டார்கள். மேடைக்கு இடைஞ்சல் என்று முதல் வேலையாக முத்தாயியின் கடையை ஓரம்கட்டினார்கள். நாற்காலிகள், தோரணம், ஒலிபெருக்கி. கம்பத்தில் துணி மூடிய பலகை, மேசை மேல் துணி மூடிய படம். முத்தாயி மாவுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசைக்குப் பக்கத்திலேயே நின்றாள். அன்றைய மாவு புளித்துக்கொண்டிருந்தது, அவளும்தான்.

“யாருக்குப்பா இவ்வளவு கூத்து?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், இருமினார்.

ஆம்ப்ரோஸ் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

“தன்னலம் கருதா அந்த மாதரசி இன்று நம்மிடையே இல்லை! அவர் இருந்த காலத்தில் நாம் அவரைக் கவனிக்கவில்லை. அதனால் என்ன? இறந்தபின் கவனிப்பதற்காகத்தானே குழுக்கள் இருக்கின்றன! அவர் சுட்ட ஆப்பத்தை உண்ணும் பேறு எனக்குக் கிட்டவில்லை. இனி யாருக்கும் கிட்டப்போவதுமில்லை! அவர் ஆன்மா சாந்தியடைய எல்லாரும் எழுந்து மௌனம் காப்போம்.”

எல்லாரும் எழுந்தார்கள். முத்தாயியும், செத்தது யாராயிருந்தால் என்ன, பாவம், என்று பானையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சந்து முழுக்க ஜனங்கள் ஓரக்கண்ணால் அவளையே பார்த்தபடி அவளுக்காக மௌனமாக நின்றார்கள். மாட்டுக் கொட்டகையில் ஒரு பசு மட்டும் கத்திற்று.

சேதுபதி துணிகளை இழுத்தார். பலகையை முத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்க்கத் தெரியும். தேக்குச் சட்டம், தங்கக் கோடு, அதன்மேல் ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய மாலை, நெற்றியில் சந்தனப் பொட்டு.

“இது நானில்ல?”

அவள் குரல் அவ்வளவு மெதுவாக வந்து யாரும் கேட்டதில்லை. வரவேற்புரைத் தாளோடு மேடையில் நின்ற சவரிராஜுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இறங்கி வந்து அவள் எதிரில் நின்றார்.

“நான்தான்க்கா. செத்துட்டீங்கன்னு நான்தான் சொன்னேன். சந்துக்கு உங்க பேரு வரணும்னு... அப்படித்தான் நெனச்சேன். கண்ணாடி உடையலக்கா. அதுவும் பொய்.”

“அப்போ ஞானாதிக்கம்?”

“என் அப்பாக்கா.”

“அவரு எங்க?”

“செத்துட்டாரு.”

“செத்த மனுஷன் எந்திரிச்சு வந்து, நான் செத்ததுக்குச் சாட்சி சொன்னாரா!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுமுன் நின்ற மௌனமெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது சவரிராஜுக்கு. கரண்டியால் ஒரு போடு போட்டிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பார்.

“எனக்குப் பேரும் வேணாம், ஊரும் வேணாம்,” என்று மேடைப் பக்கம் திரும்பினாள் அவள். “லைசென்ஸ் வேணும்.”

ஆம்ப்ரோஸ் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “அம்மா, நீங்கள் உயிரோடு இருப்பதாகப் பிடிவாதம் பிடித்தால் சந்து பெம்பர்ட்டனுக்குப் போய்விடும்.”

“போகட்டுமே! அவரு வந்து ஆப்பம் சுடட்டும்!”

கூட்டம் சிரிப்பதை நிறுத்திவிட்டு முனக ஆரம்பித்தது. யாரோ கம்பத்தை ஆட்டிப் பார்த்தார்கள். ஆம்ப்ரோஸ் கூட்டத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். காய்ந்த பெயின்ட்டை எண்ணி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவர் முகத்தில் ஒளி பரவிற்று. குழு தன் வாழ்நாளில் கண்டுபிடித்த ஒரே பெயர்க்காரணம் அந்தக் கணத்தில்தான் பிறந்தது.

“இரண்டு முத்தாயிகள்!” என்றார். “ஒருவர் வெள்ளத்தில் மறைந்த மாதரசி. இவர் வேறொருவர். தற்செயலாக அதே பெயர், அதே தொழில்.”

“அதே மூஞ்சியுமா?” என்றாள் முத்தாயி.

“அதுவும் தற்செயல்தான். சேதுபதி, இருவரையும் பிரித்துக்காட்ட என்ன வழி?”

“சர்நேம், சார்.” பேனா தயாராக இருந்தது. “அம்மா, உங்க சர்நேம்? குடும்பப் பேரு?”

“குடும்பமே இல்ல. பேருக்கு எங்க போறது?”

“அப்பா பேரு?”

“நான் பொறக்கறதுக்கு முந்தியே போயிட்டாரு. எங்கம்மா அவரு பேரைச் சொல்லவே மாட்டா.”

சேதுபதி யோசித்தார். “ஊர்ப் பேரை வச்சுக்கிறவங்க உண்டு. எங்க குடியிருக்கீங்க?”

“இங்கதான்.”

“இந்தச் சந்துக்குப் பேரு என்ன?” என்று கேட்டுவிட்டு, தானே திறந்துவைத்த பலகையை நிமிர்ந்து பார்த்து எழுதிக்கொண்டார்.

பதினைந்து நாளில் லைசென்ஸ் வந்தது. ‘திருமதி முத்தாயி முத்தாயி’ என்று போட்டிருந்தது. குழுவின் ஆண்டறிக்கையைப் புரட்டுபவர்கள் இன்றைக்கும் அதில் பார்க்கலாம். சந்துக்கு அந்தப் பெயர் வந்தது காலஞ்சென்ற முத்தாயியால். இந்த முத்தாயிக்கு அந்தப் பெயர் வந்தது சந்தால். முதல் முத்தாயி யார் என்பது மேலும் ஆராய்ச்சிக்குரியது.

படத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, அது வேறொருவர் படமாயிற்றே. பலகைக்குக் கீழே, கடைக்கு நேர் மேலே, குழுவின் செலவில் சுவரில் பதித்துவிட்டார்கள். ஆண்டுதோறும் நினைவுநாளில் திரு. ஞானாதிக்கம் மாலை அணிவிப்பார் என்றும் தீர்மானம் போட்டார்கள். குழு கலைந்து, அதை வைத்திருந்த அலுவலகம் பெயர் மாறி, கொடி மாறி, சுற்றிலும் பல தெருக்களின் பெயரும் மாறிவிட்டது. அந்தத் தீர்மானத்தை ரத்துசெய்ய மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

முத்தாயி அதற்கப்புறம் சவரிராஜோடு சண்டை போடவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. “வா சவரி” என்பாள், “உர்சுலா எப்படி இருக்கா?” என்பாள். அவர் மன்னிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், “பால் பொங்குது, இரு” என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவாள். ஆனால் ஒன்று. மற்றவர்களுக்கெல்லாம் மல்லிகைப்பூப் போல ஆப்பம் எடுத்துக் கொடுக்கிறவள், இவர் முறை வரும்போது மூடியைத் திறக்கக் கொஞ்சம் தாமதிப்பாள். ஓரம் கருகி, அடி தீய்ந்து, வறட்டி மாதிரி ஒன்று இலையில் விழும். தினமும் விழும். சவரிராஜ் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அஞ்சடியில் நின்றபடியே முழுவதையும் தின்று, விரலையும் நக்கிவிட்டுப் போவார். அதைத் தின்றால்தான் அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

அறுபதுகளில் ஒரு வருஷம், நினைவுநாள் காலை. மாலையோடு ஏணியில் ஏறிப் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டார் சவரிராஜ். தலையெல்லாம் நரைத்திருந்தது. கீழேயிருந்து முத்தாயி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இடப்பக்கம் ஏறியிருக்கு. இறக்கு. இன்னும் கொஞ்சம். ஆங். பூ வாடாததாப் பாத்து வாங்கினியா?”

“காலையில பறிச்சதுக்கா.”

மற்ற நினைவுநாட்களில் மாலை போட்டதும் வெட்கத்தில் ஆப்பம் வாங்காமலே போய்விடுகிறவர், அன்று இறங்கி வந்து வழக்கமான இடத்தில் நின்றார். முத்தாயி சட்டியைச் சுழற்றினாள், மூடினாள், திறந்தாள். நடுவில் பஞ்சும் ஓரத்தில் சரிகையுமாக, ஒரு சின்னக் கறைகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று ஆப்பம் வந்து இலையில் உட்கார்ந்தது. மேலே தேங்காய்ப்பாலைத் தாராளமாக ஊற்றினாள்.

சவரிராஜ் நம்பமுடியாமல் அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்து மனசு இறங்கிவிட்டாள்!

“என்னக்கா,” என்றார், “இன்னிக்குக் கருகலையே?”

“இன்னிக்கு எனக்குத் திதி இல்ல?” என்றாள் முத்தாயி, அடுத்த ஆப்பத்துக்கு மாவை ஊற்றியபடி. “திதி அன்னிக்கு வந்தவங்களுக்கு நல்லதாத்தான் போடணும். சாப்பிடு.”

அவர் ஒரு வாய் பிட்டு வாயில் வைத்தார். அது இறங்கவில்லை.